அத்தைக்கு ஒரு ஜாங்கிரி

அம்பத்தூர்
9 ஜூன் 2025

ஷோபனாவுக்கு,

உன் அண்ணி லோகநாயகி எழுதுவது. நலம் விசாரிப்பெல்லாம் இதில் இருக்காது. உன் நம்பரைப் போனில் பிளாக் செய்துவிட்டேன். போனில் பேசினால் நடுவில் புகுந்து நீ பேசுவாய், கடைசியில் நான் மன்னிப்புக் கேட்டு வைப்பதாக முடியும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார்.

சனிக்கிழமை உன் நாடகத்துக்கு வந்திருந்தேன். தீபிகாவுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை வீட்டாரை எங்காவது நல்ல இடமாகச் சாப்பிடக் கூட்டிப் போக வேண்டும் என்று உன் அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார். எஸ்டேட் ரோட்டில் கிருபாகரன் ஓட்டல் மாடியில் சனிக்கிழமைதோறும் இலை போட்டு விருந்து, விருந்தோடு நாடகம், எழுதி நடிப்பது நம்ம ஷோபனா என்று பெருமையாகச் சொல்லி அவரே டேபிளும் சொல்லி வைத்தார். பாவம், அவருக்கும் கதை தெரியாது.

‘சாவி என்கிட்டதான்’ என்று பெயர் வைத்திருக்கிறாய். அண்ணி வேஷத்துக்கு ஜெகதீஷ் என்று ஒரு ஆம்பளையைப் பிடித்துப் புடவை கட்டி விட்டிருக்கிறாய். மேலுதட்டில் சவரம் செய்த பச்சை தெரிகிறது. இடுப்பில் ஒரு கொத்து சாவி. ஃப்ரிட்ஜைப் பூட்டுகிறான், சர்க்கரை டப்பாவைப் பூட்டுகிறான், விருந்தாளி வந்தால் சாம்பாரில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுகிறான். ஹாலே வயிறு வலிக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம் அவன் மாமியாரைப் பார்த்து, “பேச்செல்லாம் அப்புறம், மொதல்ல கைய கழுவுங்க” என்றான். அது நான் சொல்வது. ஒரு நாளைக்குப் பத்து தடவை நான் சொல்வது. அதற்குமேல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசிக் காட்சியில் கட்டிலில் கிடக்கிற கிழவி, “கனகா, ஒரே ஒரு ஜாங்கிரி குடேன்” என்று கெஞ்சுகிறாள். ஜெகதீஷ் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு ஜாங்கிரி என்ன விலை தெரியுமா என்கிறான். கிழவி மகள் மடியில் தலை வைத்துச் சாகிறாள். மகள் நீ. பக்கத்து டேபிளில் மூக்கைச் சிந்தினார்கள். மாப்பிள்ளையின் அம்மா புஷ்பா என் பக்கம் திரும்பி, “உங்க நாத்தனார் நல்லா அனுபவிச்சு எழுதிகீறாங்க. உங்க மாமியாரும் இப்டித்தான் போனாங்களா?” என்று கேட்டார்கள். குத்தலாகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்கள்.

அத்தைக்கு இனிப்பு கொடுக்கக் கூடாது என்று சொன்னது யார்? சுகர் ஏறிக் கால் விரல் ஒன்றை எடுத்த பிறகு பெரிய டாக்டரிடம் கூட்டிப் போனது நீ. வந்து என் முன்னால் விரலை ஆட்டி, “அண்ணி, ஒரு துண்டு இனிப்பு உள்ள போச்சுன்னா உங்களத்தான் கேப்பேன்” என்றது நீ. சொல்லிவிட்டுப் பூந்தமல்லிக்குப் போய்விட்டாய். நான் கேட்டரிங் நடத்துகிறவள். தீபாவளி வந்தால் வீட்டுக்குப் பின்னாலேயே ஜாங்கிரி பிழிகிறோம். அந்தப் பாகு வாசனைக்கு நடுவில் படுத்துக்கொண்டு அத்தை கேட்பார். என் மேல் வாசனை வரக் கூடாது என்று நான் குளித்து, வேறு புடவை மாற்றிக்கொண்டுதான் அந்த அறைக்குள் போவேன். இதை ஏன் நாடகத்தில் வைக்கவில்லை?

உன் மடியில் செத்ததாகக் காட்டுகிறாய். அத்தை உயிர் போனது என் கையில். நீ வந்தது வாய்க்கரிசி போட.

நாடகத்தை நிறுத்து. இல்லையென்றால் தையில் தீபிகா கல்யாணத்துக்கு அத்தை முறை செய்ய வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம்.

லோகநாயகி


பூந்தமல்லி
13 ஜூன் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

‘அன்புள்ள’ என்பது கைப்பழக்கத்தில் வந்துவிட்டது. அடிக்காமல் விடுகிறேன்.

உங்கள் கடிதத்தை ஆபீஸ் கேன்டீனில் வைத்துப் படித்தேன். படித்து முடித்ததும் முதலில் தோன்றியது, இவ்வளவு நன்றாக எழுதுகிற நீங்கள் எனக்கு வசனம் எழுதித் தந்திருக்கலாமே என்பதுதான். கோபப்படாதீர்கள். கனகா என்பது கனகாதான். அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை எத்தனை வீட்டில் எத்தனை கனகா. போன வாரம் ஒருத்தர் என்னிடம் வந்து, “எங்க அண்ணிய நீங்க எப்போ பாத்தீங்க?” என்று கேட்டார். உங்களை மட்டும்தான் எழுதினேன் என்று நீங்களாக நினைத்துக்கொண்டால் நான் என்ன செய்வது?

சரி, கை கழுவுகிற வசனம் உங்களுடையதுதான். அது நல்ல வசனம், விட மனசு வரவில்லை.

மடி விஷயத்துக்கு வருகிறேன். அன்று எனக்குப் போன் வந்தபோது ஒத்திகையில் இருந்தேன். அடுத்த நிமிஷம் கிளம்பினேன். அண்ணனூர் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு நின்றேன். நிஜத்தில் போய்ச் சேர முடியாத இடத்துக்கு நாடகத்திலாவது நான் போய்ச் சேர்கிறேன். அது என் அம்மா. அதற்கு உங்களிடம் அனுமதி வாங்க வேண்டுமா?

இனிப்பு கொடுக்கக் கூடாது என்று நான்தான் சொன்னேன். மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், நிதானமாக யோசித்துப் பதில் சொல்லுங்கள். இந்த வீட்டில் நான் சொன்ன எதை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்? அம்மாவைக் கொஞ்ச நாள் என்னோடு அனுப்புங்கள் என்றேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் அடிக்கடி நின்றுவிடும் என்றீர்கள். ஆவடி குவார்ட்டர்ஸில் அப்பா செய்து போட்ட கட்டிலை விற்காதீர்கள் என்றேன். அடுத்த வாரமே பழைய சாமான் கடைக்குப் போய்விட்டது. தீபிகாவைப் பாட்டு வகுப்பில் சேருங்கள் என்றேன், டியூஷனில் சேர்த்தீர்கள். என் பேச்சை நீங்கள் அட்சரம் பிசகாமல் கேட்டது அந்த ஒரு விஷயத்தில்தான். மீறி ஒன்று கொடுத்திருக்கலாம். நான் வந்து கத்தியிருப்பேன், அவ்வளவுதானே. என் கத்தலுக்கு நீங்கள் எப்போது பயந்தீர்கள்?

நாடகம் நிற்காது. அத்தை முறைக்கு ஆள் தேடிக்கொள்ளுங்கள்.

ஷோபனா


அம்பத்தூர்
2 ஜூலை 2025

ஷோபனாவுக்கு,

கிருபாகரனுக்குப் பழைய சமையல் ஆளோடு ஒத்துவரவில்லையாம். கேள்விப்பட்டுப் போய்ப் பேசினேன். வருகிற சனிக்கிழமையிலிருந்து மாடி விருந்துக்குச் சாப்பாடு என்னுடையது. சமையல் மண்ணூர்பேட்டையில் என் கொட்டகையில். கொண்டுவருவது யூசுப்பின் வேன். கீழே நின்று மேலே அனுப்புவது நான். பொங்கல் வரைக்கும் பேசியிருக்கிறோம்.

இனிமேல் கடிதத்தை யூசுப்பிடமே கொடுத்தனுப்பலாம்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் எழுத இரண்டு மூன்று தடவை உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. எனக்கு வருவது சமையல்தான். அதிலேயே சொல்லிக்கொள்கிறேன்.

சனிக்கிழமை நன்றாகச் சாப்பிடு.

லோகநாயகி


பூந்தமல்லி
7 ஜூலை 2025

அண்ணி,

நீங்கள் சமைத்த வத்தக்குழம்பை எல்லாரும் ஆகா ஓகோ என்றார்கள். நானும் சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது. அதை ஒப்புக்கொண்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் மாடியில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. காட்சி முடிந்து விளக்கு போட்டால் பரிமாறுவார்கள், விளக்கு அணைந்தால் நிறுத்திவிடுவார்கள். கடைசிக் காட்சிக்கு முன்னால் மோர் சாதம். அதில் சத்தமே வராது. அப்படி யோசித்துத்தான் வைத்தோம். நேற்று முன்தினம் உங்கள் ஆட்கள் மோர் சாதத்தோடு ஆளுக்கு இரண்டு அப்பளம் வைத்துவிட்டுப் போனார்கள். அப்போதுதான் பொரித்தது, சூடு ஆறாதது, ஒரு சாண் அகலம்.

விளக்கு அணைந்தது. அம்மா வேஷம் போடுகிற நிஷா கட்டிலில் கிடந்து கடைசி வார்த்தை பேசுகிறாள். ஹால் முழுக்க நறுக் நறுக் என்று சத்தம். நிஷா குரலைக் கூட்டினாள். சாகப் போகிற கிழவி கத்திப் பேசுகிறாள். ஒருத்தன் சிரித்தான். அதைத் தொடர்ந்து எல்லாரும் சிரித்தார்கள். அம்மா செத்ததுகூட யாருக்கும் தெரியவில்லை, இரண்டாவது அப்பளத்தில் இருந்தார்கள்.

இது தற்செயல் என்று நீங்கள் சொல்லப் போகிறீர்கள். சொல்லுங்கள், கேட்கிறேன்.

ஷோபனா


அம்பத்தூர்
9 ஜூலை 2025

ஷோபனாவுக்கு,

தற்செயல் என்று நான் எதற்குச் சொல்ல வேண்டும்? வேண்டுமென்றேதான் வைத்தேன். ஓட்டலில் கீழேயே ஒரு அடுப்பு வைத்து, அதன் முன்னால் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, அடுப்பு எத்தனை சூட்டில் இருந்தால் அப்பளம் நல்ல சத்தம் கொடுக்கும் என்று நானே பார்த்துப் பொரித்தேன்.

அத்தை பேசியது யாருக்கும் கேட்கவில்லை என்று வருத்தப்படுகிறாய். அத்தை பேசியது உனக்குக் கேட்டதா? தினமும் சாயங்காலம் உன் போனுக்காகக் கட்டிலில் போனை மார்மேல் வைத்துக்கொண்டு கிடப்பார். நீ பேசினால், ஒத்திகை, வேலை, டிராபிக். “சரிம்மா, வச்சிடட்டுமா” என்று நீ சொல்வது எனக்கு அடுப்படி வரை கேட்கும்.

சனிக்கிழமை அப்பளத்தோடு மோர் மிளகாயும் உண்டு.

லோகநாயகி


பூந்தமல்லி
14 ஜூலை 2025

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தத் தடவை ‘அன்புள்ள’ என்று மனசாரவே எழுதுகிறேன். உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்பளம் வரும் என்று நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிட்டீர்கள் அல்லவா. வியாழக்கிழமை ஆபீசுக்கு லீவு போட்டு அந்தக் காட்சியை மாற்றி எழுதினேன். இப்போது நறுக் சத்தம் கேட்டதும் ஜெகதீஷ் புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி ஹாலுக்குள் வருகிறான். “ஆளுக்கு ரெண்டா? எவன் வீட்டு அப்பளம்?” என்று டேபிள் டேபிளாகப் போய் இலையிலிருந்து ஒரு அப்பளத்தை எடுத்து இடுப்பில் இருக்கிற பைக்குள் போட்டுக்கொள்கிறான். ஒரு மாமா கொடுக்க மாட்டேன் என்று அப்பளத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். சிரிப்பு அடங்கவே வெகுநேரம் ஆயிற்று. அடங்கின பிறகு எல்லாருடைய கையும் காலி, இலையும் காலி. அதற்கப்புறம் நிஷா பேசினாள். கடைசி டேபிள் வரைக்கும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

மோர் மிளகாயையும் வீணாக்கவில்லை. ஜெகதீஷ் ஒன்றைக் கடித்துவிட்டுக் கண்ணில் தண்ணீரோடு, “மாமியார் போறாங்கன்னு அழறேன்” என்கிறான். கிருபாகரன் சார் கீழே வந்து உங்களைப் பாராட்டினாராமே, யூசுப் சொன்னார். நாடகத்துக்கு ஏற்ற மாதிரி சாப்பாடு போடுகிற ஒரே ஆள் நீங்கள்தான் என்றாராம்.

அடுத்த வாரம் என்ன அனுப்பினாலும் அனுப்புங்கள். எழுதிக்கொள்கிறேன்.

ஷோபனா


அம்பத்தூர்
24 ஜூலை 2025

ஷோபனாவுக்கு,

நீ ஜெயித்தாய், ஒப்புக்கொள்கிறேன். கிருபாகரன் பாராட்டியபோது பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ராத்திரி வீட்டுக்கு வந்து உன் அண்ணனை ஒரு காரணமும் இல்லாமல் திட்டினேன்.

இந்தச் சனிக்கிழமையிலிருந்து அப்பளம் கிடையாது, மோர் மிளகாய் கிடையாது. கடைசிக் காட்சிக்கு முன்னால் இலைக்கு ஒரு இனிப்பு. சத்தம் வராத சாமான்தான், பயப்படாதே. என்ன இனிப்பு என்று சொன்னால் நீ லீவு போட்டுவிடுவாய். அதனால் சொல்லவில்லை.

புஷ்பா அம்மாவுக்கும் மேடைக்குப் பக்கத்து டேபிள் சொல்லியிருக்கிறேன். மறுபடியும் பார்க்க வேண்டும் என்று அவர்களே ஆசைப்பட்டார்கள்.

லோகநாயகி


பூந்தமல்லி
28 ஜூலை 2025

அண்ணி,

நீங்கள் கீழே நின்றுகொண்டிருந்ததால் என்ன நடந்தது என்று முழுசாகத் தெரிந்திருக்காது. யூசுப் மட்டும் ஓடிவந்து, “அக்கா, மேல ஒரே கலாட்டாவா கீதுக்கா” என்று சொல்லியிருப்பார். நானே சொல்கிறேன். எனக்கு வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

விளக்கு அணைவதற்கு முன்னால் இலைக்கு ஒரு ஜாங்கிரி வந்தது. சிவப்பாக, பாகு சொட்டச் சொட்ட. பார்த்ததுமே நிஷாவுக்குக் கண்ணைக் காட்டினேன், வசனத்தை மாற்று என்று. அவளுக்குப் புரியவில்லை. “கனகா, ஒரே ஒரு ஜாங்கிரி குடேன்” என்று எப்போதும்போலக் கெஞ்சினாள். ஜெகதீஷ் சாவியை ஆட்டினான். யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் குனிந்து அவரவர் இலையைப் பார்த்தார்கள்.

புஷ்பா அம்மா எழுந்தார்கள். கையில் ஜாங்கிரியோடு நேராக மேடைக்கு வந்தார்கள். ஜெகதீஷ் குறுக்கே வந்தான். “தள்ளுப்பா” என்று அவனை ஒதுக்கிவிட்டு, நிஷாவின் தலையைத் தூக்கிப் பிடித்து ஒரு துண்டு பிட்டு வாயில் வைத்தார்கள். நிஷா என்ன செய்வாள், தின்றாள். பின்னாலேயே ஒரு தாத்தா வந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு பெண்கள். கட்டிலைச் சுற்றிக் கூட்டம். எல்லார் கையிலும் ஜாங்கிரி. அம்மா சாகவே முடியவில்லை. வாயில் அடைத்துக்கொண்டே இருந்தார்கள்.

அதோடு முடிந்திருந்தால் அதையும் எழுதி நாடகத்தில் சேர்த்திருப்பேன். புஷ்பா அம்மா கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்கள். “ஏம்மா, நீ பொண்ணுதானே? அவதான் குடுக்கல. வரும்போது நீ ஒண்ணு வாங்கினு வரக் கூடாதா?” என்றார்கள். ஹால் முழுக்க என்னைப் பார்த்தது. பின்னாலிருந்து யாரோ, “அதானே” என்றார்கள்.

எதற்கும் ஒரு வசனம் வைத்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். அன்று வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. ஜெகதீஷ்தான் மேடை விளக்கை அணைக்கச் சொன்னான்.

உங்களுக்குத் திருப்தியா? திருப்தி என்றால் இதோடு நிறுத்துங்கள். மைசூர்பாகு வையுங்கள், லட்டு வையுங்கள். அது மட்டும் வேண்டாம்.

ஷோபனா


அம்பத்தூர்
1 ஆகஸ்ட் 2025

ஷோபனாவுக்கு,

திருப்திதான். பொய் சொல்ல மாட்டேன். அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டுப் படுத்தேன்.

புஷ்பா அம்மா அப்படிக் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாது. கையில் சாப்பாடு இருக்கும்போது எதிரில் ஒருத்தர் கேட்டால் எந்தப் பொம்பளையும் சும்மா உட்கார மாட்டாள் என்று மட்டும் தெரியும். அதை நம்பித்தான் வைத்தேன். மற்றதெல்லாம் தானாக நடந்தது.

உனக்குப் பதில் வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். பதில் இருந்ததே. ‘டாக்டர் வேண்டாம் என்றார், நான்தான் அண்ணியிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.’ இவ்வளவுதான். எனக்கு எழுதின கடிதத்தில் ஒப்புக்கொண்ட நீ, ஹாலில் ஏன் சொல்லவில்லை? சொன்னால் கனகா கெட்டவள் இல்லை என்று ஆகிவிடும். அப்புறம் எதை வைத்துச் சிரிக்க வைப்பாய்?

ஜாங்கிரி நிற்காது. லட்டும் கிடையாது, மைசூர்பாகும் கிடையாது. “லோகா, ஒண்ணே ஒண்ணு” என்று அத்தை கேட்டதை நான் நாள் தவறாமல் கேட்டிருக்கிறேன். நீ சனிக்கிழமை மட்டும் கேட்டால் போதும்.

லோகநாயகி


பூந்தமல்லி
20 ஆகஸ்ட் 2025

அண்ணி,

மூன்று வாரமாக உங்களுக்கு எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லாமல் இல்லை.

கிருபாகரன் சார் வாசலில் பெரிய பேனர் கட்டிவிட்டார். ‘அம்மாவுக்கு ஊட்ட வாருங்கள்’ என்று. இந்த மாசம் முழுக்க ஒரு டேபிள் காலி இல்லை. நிறுத்தலாம் என்றேன், கையெடுத்துக் கும்பிட்டார். ஜெகதீஷும் நிஷாவும்கூட இப்போதுதான் நாலு பேருக்கு நம்மைத் தெரிகிறது, விட்டுவிடாதே என்கிறார்கள். நிஷாவுக்கு ஜாங்கிரியைக் கண்டாலே குமட்டுகிறது. ஆனாலும் வாய் திறக்கிறாள்.

ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருத்தர் என் பக்கம் திரும்பி அதே கேள்வியைக் கேட்டுவிடுகிறார்கள். போன சனிக்கிழமை உங்கள் பேச்சைக் கேட்டு உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். “நான்தான் குடுக்க வேணாம்னு சொன்னேன். டாக்டர் சொன்னாரு” என்றேன். ஒரு பெண் ‘ச்சீ’ என்றாள். என் அம்மாவை நான் கொன்றுவிட்ட மாதிரி பார்த்தார்கள். அப்புறம் கைதட்டினார்கள், நல்ல திருப்பம் என்று. வெளியில் வந்து ஒருத்தர் என் நடிப்பைப் பாராட்டினார்.

நீங்கள் நினைத்தது நடந்துவிட்டது. இப்போது நான் நினைப்பதைச் சொல்கிறேன்.

யூசுப் ஒரு விஷயம் சொன்னார். சனிக்கிழமைதோறும் எல்லா இலைக்கும் அனுப்பினபிறகு நீங்கள் ஒரு ஜாங்கிரியைக் கிண்ணத்தில் தனியாக எடுத்து மூடி வைக்கிறீர்களாம். மாடிப்படி வரைக்கும் கொண்டுவருகிறீர்களாம். நாடகம் முடிந்ததும் கொட்டிவிடுகிறீர்களாம். “யாருக்குனே தெரியலக்கா, கேட்டா மொறைக்கிறாங்கோ” என்றார்.

எனக்குத் தெரியும் யாருக்கு என்று.

ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் வந்து ஊட்டுகிறார்கள். மீறிக் கொடுத்திருக்கலாம் என்று ஜூன் மாசம் கேட்டேன், நீங்கள் இன்றுவரை பதில் சொல்லவில்லை. கீழே நின்று அனுப்புவது சுலபம். முப்பதாம் தேதி மேலே வாருங்கள். உங்கள் கையால் கொடுங்கள். நிஷா காத்திருப்பாள், நானும் காத்திருப்பேன். தைரியம் இருந்தால் வாருங்கள்.

ஷோபனா


அம்பத்தூர்
1 செப்டம்பர் 2025

ஷோபனாவுக்கு,

வந்தேன். நீயே பார்த்தாய். ஆனாலும் எழுதுகிறேன், எனக்கு நடந்ததை நானே சொல்ல வேண்டும்.

அன்று மண்ணூர்பேட்டையிலிருந்து வீட்டுக்குப் போய்க் குளித்து, வேறு புடவை கட்டிக்கொண்டுதான் ஓட்டலுக்கு வந்தேன். ஏன் குளித்தேன் என்று வேனில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இருந்த அம்மா ஊட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். நிஷா முகத்தைத் தூக்கினாள். கிட்டத்தில் பார்த்தால் பவுடரும் வெள்ளை முடியும்தான், என் தீபிகா வயசு இருக்கும். ஆனால் தலையை இடது பக்கம் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். அத்தை பார்ப்பதுபோல. அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது நீதான். வசனத்தையும் எனக்காக மாற்றிவிட்டிருந்தாய். கனகா என்று அவள் சொல்லவில்லை. “லோகா, ஒரே ஒண்ணு குடேன்” என்றாள்.

நல்ல அடி. சரியான இடத்தில் அடித்தாய்.

ஜாங்கிரியை அவள் வாய் வரைக்கும் கொண்டுபோனேன். கை போனது. வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. “வேணாம் அத்த, சுகர் ஏறிடும். கண்ண மூடிப் படுங்க” என்றேன். கையையும் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

ஹால் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். நானும் உன் ஆள் என்று நினைத்துவிட்டார்கள். ஜெகதீஷைவிட இந்த அம்மா நன்றாகச் செய்கிறாள் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. கிருபாகரன் ஓடிவந்து வாராவாரம் மேலே வர முடியுமா என்று கேட்கிறார். எனக்குப் படி இறங்கத் தெரியவில்லை. யூசுப்தான் கையைப் பிடித்துக்கொண்டு, “இன்னாக்கா, கையெல்லாம் பாகு” என்றான். பார்த்தால் ஜாங்கிரியை இறுக்கிப் பிடித்ததில் அது நசுங்கிப் போயிருந்தது.

உன் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன், எழுதிக்கொள். கையில் ஜாங்கிரி இருந்தது. எதிரில் அத்தை இருந்தார். டாக்டர் இல்லை, சுகர் இல்லை, தடுக்க யாரும் இல்லை. அப்போதும் என்னால் கொடுக்க முடியவில்லை. அந்தக் கட்டிலைப் பார்த்தால் அந்த ஒரு வார்த்தைதான் வாயில் வருகிறது. அந்த வார்த்தையை எனக்குக் கற்றுக் கொடுத்தது யார்? என் கத்தலுக்கு எப்போது பயந்தீர்கள் என்று கேட்டாயே. அந்த ஒரு தடவை பயந்தேன். உன் அம்மா செத்துவிடுவார் என்று பயந்தேன். அதனால்தான் உன் பேச்சைக் கேட்டேன்.

அத்தனை பேர் சிரித்தபோது நீ சிரிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அதைப் பார்த்தேன். அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. கல்யாணப் பத்திரிகையில் உன் பெயரைப் போடலாமா என்று உன் அண்ணன் இரண்டு தடவை கேட்டுவிட்டார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

வருகிற சனிக்கிழமை எல்லா இலைக்கும் ஜாங்கிரி உண்டு. இந்தத் தடவை ஒன்று கூடுதலாகப் பிழியச் சொல்லியிருக்கிறேன். யூசுப் அதை மேடைக்கே கொண்டுவந்து உன் கையில் தருவான். நிஷாவிடமும் பேசிவிட்டேன். அத்தை உன்னை எப்படிக் கூப்பிடுவார் என்று கேட்டாள். ‘ஷோபி’ என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

நான் கீழே நிற்கப் போவதில்லை. முன் டேபிளில் உட்காரப் போகிறேன். அவள் கேட்பாள், நீ ஊட்டு. உன் வாயில் என்ன வருகிறது என்று பார்க்கிறேன்.

லோகநாயகி